அம்மாவுக்கும் நாள் தள்ளிப்போச்சு

நீலாவதிக்கு நாள் தள்ளிப்போனது ஆடி மாதத்தில். கொலு பொம்மை வேலை சூடுபிடிக்கும் காலம் அது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் ஓரத்தில் தையல் போட்டதுபோல ஒரு வரி நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். நாள் முழுக்கப் பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் மூக்கு முழி துடைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் உடம்பைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ஆவணியும் பாதி தாண்டிய பிறகுதான், தலைக்குக் குளித்து வெகுநாள் ஆகிவிட்டது என்பதே உறைத்தது.

அதற்குள் வேறு சில மாற்றங்களும் வந்திருந்தன. காலையில் எழும்போதே அசதி. ஜாக்கெட் கை பிடித்தது. மற்ற பெண்கள் வியர்த்து வழிந்து ஃபேனுக்குச் சண்டை போடும்போது இவள் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்து மணையில் உட்கார்ந்து வேலை செய்யும் தங்கம்மாள் ஒருநாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னா நீலா, முகம் ஊதிப்போய்க் கெடக்குது? முழுவாம கிழுவாம இருக்கியா?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீலாவதியும் சிரித்தாள். ஆனால் மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

நாற்பத்து நாலு வயது. வீட்டில் இருபத்திரண்டு வயதுப் பெண். அவள் பிறந்த பிறகு இன்னொன்று வேண்டுமென்று பத்து வருஷம் கோயில் கோயிலாகப் போய், பிறகு அலுத்து விட்டுவிட்டார்கள். அப்போதெல்லாம் வராத பிள்ளை இப்போதா வரணும்? பெண் அன்புக்கரசி போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸாகி, உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். மகள் காக்கிச் சட்டை போடும்போது அம்மா வளைகாப்புப் புடவை கட்டுவதா? ஊரே சிரிக்காதா? கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிச் சாமி முன்னால் பிராது கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் பிராது எழுதித் தருகிறவர் என்ன குறையென்று கேட்பாரே! அந்த மனுஷனிடம் எதைச் சொல்வது?

முதலில் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மெடிக்கலில் ஒரு பட்டை விற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வாங்குவதில்தான் சிக்கல். அவள் புருஷன் அர்ச்சுனன் குட்டி யானை வண்டி ஓட்டுகிறவன். பொம்மைகளை வைக்கோல் போட்டு அடுக்கிப் புதுச்சேரிக்கும் கும்பகோணத்துக்கும் கொண்டுபோவான். விருத்தாசலத்து மெடிக்கல் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு அர்ச்சுனனைத் தெரியும், மீதிப் பேருக்கு நீலாவதியைத் தெரியும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மங்கலம்பேட்டையில் நல்ல நைட்டி வந்திருக்கிறதாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் பெண்கள் இருக்கும் கடையாகத் தேடிப் போனாள். முக்காடு போட்ட ஒரு இளம்பெண் கல்லாவில் இருந்தாள். நீலாவதி தலைவலி மாத்திரை கேட்டாள். தைலம் கேட்டாள். பிளாஸ்திரி கேட்டாள். பிறகு யாரும் பின்னால் இல்லையென்று பார்த்துவிட்டு, வாயைப் பக்கத்தில் கொண்டுபோய் அதையும் கேட்டாள்.

"யாருக்குக்கா?"

"பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு."

"காலையில மொத தடவ போறப்ப எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ஒரு கோடு வந்தா இல்ல. ரெண்டு கோடு வந்தா இருக்குது." அவள் பழைய பேப்பரில் மடித்துக் கருப்புப் பையில் போட்டுக் கொடுத்தாள். "உங்க பக்கத்து வூட்டுப் பொண்ண பயப்பட வேணாம்னு சொல்லுங்கக்கா."

சொன்ன பொய்க்காக நீலாவதி ஒரு நைட்டியும் வாங்க வேண்டியிருந்தது. பச்சையில் பெரிய பெரிய ஆரஞ்சுப் பூ. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

பொட்டலத்தை எங்கே ஒளிப்பது என்று வீட்டைச் சுற்றி வந்தவள், கடைசியில் வேர்க்கடலை டப்பாவுக்குள் புதைத்தாள். அர்ச்சுனனுக்குக் கடலை ஆகாது. மகளோ இரண்டு மூன்று மாதமாக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள், டப்பா பக்கமே வருவதில்லை. நல்ல இடம்தான். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து, இரண்டு கோடு வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அன்புக்கரசிக்கும் ஒரு ரகசியம் இருந்தது. காலையும் மாலையும் கல்லூரி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, சோற்றை நிறுத்தினாள். காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழம், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி இரண்டு சப்பாத்தி. டிராக் பேன்ட் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தும்படி ஆனது. வைகாசிக்குப் பிறகு அவளுக்குப் பீரியட்ஸ் வரவே இல்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓடுவதற்குத் தொல்லை விட்டது என்று நினைத்தாள். அடுத்த மாதமும் வராதபோது செல்போனில் தேடினாள். ஒன்றுமில்லை என்பதில் தொடங்கிப் புற்றுநோய் வரைக்கும் அது எல்லாவற்றையும் சொன்னது. அம்மாவிடம் சொன்னால் முதலில் ஓட்டத்தை நிறுத்துவாள். அத்தை காதில் விழுந்தால், கல்யாணம் பண்ணி வையுங்க எல்லாம் சரியாயிடும் என்பாள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஓடிவிட்டு வந்தவளுக்குப் பசியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஒரு கைப்பிடிக் கடலை தின்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று டப்பாவைத் திறந்து கையை விட்டாள். கையில் பேப்பர் பொட்டலம் மாட்டியது. பிரித்தாள். அட்டைப்பெட்டியின் மேல் இருந்ததைப் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீலாவதி கை மூட்டு வரை களிமண் வெள்ளையோடு வேலை முடிந்து உள்ளே நுழைந்தபோது, மகள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"யம்மா, இது என்னா?"

நீலாவதி அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் அவசரமாக வாசல் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு வரலன்னு கண்டுபிடிச்சிட்ட, சரி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? என்னை இப்பிடித்தான் நெனச்சியா? நான் காலையில ஓடத்தானே போறேன்? வேற எங்கியாவது போறேன்னு நெனச்சியா?" சொல்லும்போதே குரல் உடைந்து அழ ஆரம்பித்தாள்.

"ஏய், அழுவாதடி. உன்னை யாரு நெனச்சா?"

"பின்ன இது யாருக்கு? அப்பாவுக்கா?"

நீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குடி."

அன்புக்கரசி அழுகையை நிறுத்தினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விக்கல் எடுக்கும் வரைக்கும் சிரித்தாள்.

"சிரிக்கிறியா? சிரிப்படி, சிரிப்ப." நீலாவதி துண்டை எடுத்து அவளை இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பாதிச் சிரிப்பில் நீலாவதி சட்டென்று நின்றாள்.

"இரு. எனக்கு வரலன்னு கண்டுபிடிச்சிட்டன்னு சொன்னியே. உனக்கு எப்பலேந்து வரல?"

அன்புக்கரசி எல்லாவற்றையும் சொன்னாள். எலுமிச்சம்பழ வெந்நீர், ஊக்கு, கண் இருட்டியது, செல்போன் சொன்ன புற்றுநோய், ஒன்று விடாமல். கேட்கக் கேட்க நீலாவதியின் முகம் மாறியது. மகளின் மணிக்கட்டைத் தன் விரலால் சுற்றிப் பார்த்தாள். விரல் தாண்டிச் சுற்றியது. இத்தனை நாளும் தன் வயிற்றைப் பற்றியே நினைத்துக்கொண்டு பெற்ற பெண்ணின் கையைப் பார்க்கவில்லையே என்று மனசுக்குள் குத்தியது.

மறுநாள் விடியற்காலையில் சோதித்தார்கள். அம்மா பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். மகள்தான் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு கோடும்மா. இல்ல."

"நல்லாப் பாருடி."

"நல்லாப் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான்."

"அப்பாடா," என்றாள் நீலாவதி. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய இடம் கொஞ்சம் காலியாகவும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அப்ப உனக்கு ஏன் வரல?" என்றாள் மகள்.

"உனக்கு ஏன் வரல?" என்றாள் அம்மா.

கடலூர் ரோட்டில் டாக்டர் ஜெயஸ்ரீயின் கிளினிக்குக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போவது என்று முடிவானது. அர்ச்சுனனிடம் காய்ச்சல் என்று சொன்னார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தான். கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே கூட்டமாக இருப்பதைப் பார்த்து டீ வாங்கப் போனான்.

மூன்று டீயையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு அவன் உள்ளே நுழைந்த அதே நேரத்தில் நர்சம்மா கதவைத் திறந்து ஹாலுக்கே கேட்கும்படி கூப்பிட்டார்: "பீரியட்ஸ் வரலன்னு வந்த அம்மாவும் பொண்ணும் உள்ள வாங்க!"

நீலாவதி தலையைக் குனிந்துகொண்டு எழுந்தாள். அன்புக்கரசி அப்பாவைப் பார்த்தாள். அர்ச்சுனன் எல்லாருடைய பார்வைக்கும் நடுவில் நின்றான். டீ கையைச் சுட்டது. "போங்க, போயிட்டு வாங்க," என்று மட்டும் சொல்லி, ஒரு டீயைப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவரிடம் கொடுத்துவிட்டான்.

டாக்டர் முதலில் அம்மாவை வெளியே நிற்கச் சொன்னார். மகளிடம் தனியாக, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று நேராகக் கேட்டார். "கோச்சுக்காத. நாள் தள்ளிப்போச்சுன்னு யார் வந்தாலும் இதைத்தான் முதல்ல கேப்பேன். அறுபது வயசுக்காரங்களத் தவிர." இல்லை என்றாள் அன்புக்கரசி. கோபம் வரவில்லை. அடுப்படியில் அழுத அழுகை ஞாபகம் வந்து சிரிப்புத்தான் வந்தது. பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"வெந்நீர்ல எலுமிச்சம்பழம், மேடம்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"அதக் குடிச்சிட்டு ஓடுனியா?"

"ஆமாம் மேடம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுல அரிசி தீர்ந்துபோற நிலைமையில விருந்தாளி வரேன்னா என்ன சொல்லுவ? இப்ப வராதீங்கன்னுதானே சொல்லுவ? உன் உடம்பும் அதைத்தான் சொல்லுது. ஓடறதுக்கே போதல, இதுல மாசாமாசம் இது வேறயான்னு நிறுத்தி வச்சிருக்கு. பரீட்சைக் கவலையும் சேர்ந்தா இன்னும் தள்ளிப்போகும். ரத்தமும் ஸ்கேனும் பாத்துடுவோம். கர்ப்பப்பையில, சினைப்பையில வேற ஏதாவது இருக்கான்னு தெரியணும். நீர்க்கட்டி இருக்கற பிள்ளைங்களுக்கும் இப்படித் தள்ளிப்போகும்."

"ஓட்டத்த நிறுத்தணுமா மேடம்?" இதைத்தான் அவள் இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள்.

"யார் சொன்னா? கொஞ்ச நாளைக்குக் குறைச்சுக்க, வாரத்துல ரெண்டு நாள் கால நீட்டிப் படு. சாப்பாட்ட மட்டும் நிறுத்தாத. இப்படியே விட்டா எலும்பு தேஞ்சுடும். எலும்பு ஒடிஞ்சவள போலீசுல எடுக்க மாட்டாங்க."

நீலாவதி இடையில் புகுந்தாள். "பின்னால கொழந்த பொறக்கறதுல ஒண்ணும் வராதுங்களே மேடம்?"

"ஒழுங்கா சாப்பிட்டா பெரும்பாலும் தானா திரும்பி வந்துடும்மா. வரலைன்னா நான் இருக்கேன். இப்ப உங்க கதையச் சொல்லுங்க."

நீலாவதி சொன்னாள். அந்தப் பட்டை விஷயத்தையும், கடலை டப்பாவையும் மகள் சொல்லிவிட்டாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, நீலாவதியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முழங்கையின் வறண்ட தோலைப் பார்த்தார். முடி கொட்டுகிறதா, குளிர்கிறதா, மலம் சரியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நீலாவதி தலையாட்டினாள்.

"இந்த வயசுல நிக்கப் போற முன்னாடி கொஞ்ச வருஷம் முன்ன பின்ன வரும். அது சகஜம். ஆனா நீங்க சொல்றத எல்லாம் பாத்தா தைராய்டு மாதிரி தெரியுது. ரத்தம் குடுத்துட்டுப் போங்க. வந்தப்புறம் பேசுவோம்."

திரும்பிப் போகும்போது மூன்று பேரும் வண்டியின் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் மகள். பாலக்கரை தாண்டிய பிறகு அர்ச்சுனன் கேட்டான்.

"எங்கிட்ட சொன்னா என்னா?"

"எப்பிடிங்க சொல்றது?"

"வண்டியில சத்தம் மாறுனா மொதல்ல நீதானே சொல்ற. உனக்கு ஒண்ணுன்னா சொல்ல மாட்டியா?"

"முழுவாம இருக்கேனோன்னு பயந்துட்டேங்க."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி நேரானது. அவன் கியரை மாற்றினான். "இருந்திருந்தா?"

"இருந்திருந்தா பெத்துக்க வேண்டியதுதான். என்னா பண்றது?" நீலாவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பையன்னா திருமால்னு வைக்கலாம்னு நெனச்சேன்."

"யம்மா!" என்று கத்தினாள் நடுவில் இருந்தவள்.

அர்ச்சுனன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் பைக்கில் போனவன் திரும்பிப் பார்த்தான். அன்று அவன் வண்டியை நிறுத்தி ஒரு அட்டை முட்டை வாங்கினான். பின்னால் மிச்சமிருந்த வைக்கோலில் பொம்மைகளை வைப்பதைவிடப் பத்திரமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

ரத்தப் பரிசோதனையில் நீலாவதிக்கு டாக்டர் சொன்னதேதான் வந்தது. தைராய்டு குறைவாகச் சுரக்கிறது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அதற்குப் பிறகு அரை மணி நேரம் டீ கூடாது. மாத்திரை அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அந்த அரை மணி நேரம்தான் தவமாக இருந்தது. அன்புக்கரசிக்கு ஸ்கேனில் குறையொன்றும் இல்லை, ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு.

அதற்குப் பிறகு வீட்டில் முட்டை ராஜ்ஜியம் நடந்தது. அர்ச்சுனன் எந்த ஊருக்குப் போனாலும் எதையாவது தின்னக் கொண்டுவந்தான். கும்பகோணத்திலிருந்து எள்ளுருண்டை, புதுச்சேரியிலிருந்து மீன். மகள் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தான். முதல் வாரம் அன்புக்கரசிக்குச் சோற்றைப் பார்த்தாலே பயம். எடை ஏறிவிடும், வேகம் போய்விடும் என்று முணுமுணுத்தாள். ஆனால் மைதானத்தில் நடந்தது வேறு. கடைசிச் சுற்றில் வழக்கமாகத் தடுமாறும் கால் இப்போது தடுமாறவில்லை. கூட ஓடும் பூங்கோதை, "என்னாடி, பேட்டரி மாத்திட்டியா?" என்று கேட்டாள். அம்மாவுக்கும் முகத்தின் ஊதல் வடிந்தது. ஃபேன் சண்டையில் அவளும் சேர்ந்துகொண்டாள். கார்த்திகை விளக்கு வேலை நடக்கும்போது அவளுக்கு மறுபடி வந்தது. தங்கம்மாளிடம் சொன்னபோது, "அடக் கடவுளே, நான் வளையல்லாம் பாத்து வச்சேனே," என்றாள் அவள்.

மகளுக்கு மட்டும் வரவில்லை. டாக்டர் பொறுமையாக இருக்கச் சொன்னார். எடை ஏறுது, ரத்தம் ஏறுது, வந்துடும் என்றார். பொங்கல் முடிந்து உடல்தகுதித் தேர்வுக்குத் தேதி வந்தது. கடலூரில், காலையிலேயே.

அம்மாவும் மகளும் இருட்டோடு பஸ் ஏறினார்கள். நெய்வேலி தாண்டி, வடலூரும் தாண்டியபோது அன்புக்கரசி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"யம்மா, வந்துடுச்சி."

"என்னாடி, கடலூரா?"

"இல்லம்மா. அது."

நீலாவதிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். "அய்யோ என் தங்கமே! வந்துடுச்சா? வந்துடுச்சிங்க!"

பின்னால் இருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார். "ஒக்காரும்மா, ஒக்காரும்மா. இன்னும் வரல. வடலூரே இப்பதான் தாண்டியிருக்குது."

அன்புக்கரசிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எத்தனை மாதம் காத்திருந்தாள்! வருவதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை? பையில் தண்ணீர், வாழைப்பழம், ஹால் டிக்கெட், அப்பா கட்டிக்கொடுத்த அவித்த முட்டை, எல்லாம் இருந்தது. வேண்டியது மட்டும் இல்லை. முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்காமலே சீட்டுக்கு மேலாக ஒரு நாப்கினை நீட்டினாள். "ஆல் த பெஸ்ட் அக்கா," என்றாள்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். "வவுறு வலிக்குதா? ஓட முடியுமா?" என்று நீலாவதி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். வலித்தது. கேட்டுக்கு உள்ளே அம்மா அப்பாவை விடவில்லை. வண்டியில் சரக்கோடு கடலூர் வந்து, இறக்கும் வேலையை வேறு ஆளிடம் விட்டுவிட்டு நேராக அங்கே வந்திருந்த அர்ச்சுனன், காம்பவுண்டு சுவரோரம் முன்னும் பின்னும் நடந்தான். உள்ளே விசில் ஊதும் ஒவ்வொரு தடவையும் நின்றான்.

வெயில் ஏறிய பிறகு அவள் வெளியே வந்தாள். முழங்காலில் புழுதி. தலை கலைந்திருந்தது. அர்ச்சுனன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"ஓடுனேம்பா," என்றாள். "மூணாவதா வந்தேன். தாண்டுனேன், பந்து எறிஞ்சேன். எல்லாம் பாஸு."

நீலாவதி நடுரோட்டில் மகளைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மெஸ்ஸில் உட்கார்ந்து மீன் குழம்புச் சாப்பாடு சொன்ன பிறகுதான் அவளுக்கு டாக்டர் ஞாபகம் வந்தது. அங்கிருந்தே போன் போட்டாள்.

"மேடம், நீலாவதிங்க. அரசிக்கு வந்துடுச்சிங்க."

"எது, வேலைக்கு ஆர்டரா? பீரியட்ஸா?"

"மொதல்ல அது வந்துச்சிங்க. அப்புறம் ஓட்டத்துல பாஸாயிட்டா. ஆர்டரு இனிமேதான் வரணும்."

"அதுவும் வரும். இப்ப எங்க அவ?"

நீலாவதி திரும்பிப் பார்த்தாள். அன்புக்கரசி இலைச் சோற்றில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிக்கொண்டு, பரிமாறுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்காளுங்க மேடம்," என்றாள் நீலாவதி.